பாய்மரத்தைத் தாங்கும் கயிறுகள்: பழைய படகு வாங்கும் சங்கத்தார்க்குச் சில குறிப்புகள்

தாம்பரத்திலிருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகக் கிழக்கே செல்லும் சாலை, பக்கிங்காம் கால்வாயைத் தாண்டிக் கடற்கரையை அடைகிறது. அங்கிருந்து தெற்கே பனையூர், உத்தண்டி, கானத்தூர், முட்டுக்காடு, கோவளம் என்று கடலோர ஊர்கள் தொடர்ந்து அமைந்துள்ளன. இவ்வூர்களுக்குப் பாய் புதிதன்று. கட்டுமரங்கள் பாய் விரித்துக் கடலுக்குச் சென்றன. விறகும் உப்பும் ஏற்றிய சரக்குப் படகுகள் கால்வாயில் பாய் விரித்தும், கரையிலிருந்து கயிறு கட்டி இழுக்கப்பட்டும் சென்றன. இக்காலத்தில் மீன்பிடிப்புக்கு யந்திரம் பூட்டிய பைபர் படகே பெருவழக்காயிற்று. 2004-ஆம் ஆண்டின் சுனாமிக்குப் பின் அவை மேலும் பெருகின. பாய் இப்பொழுது பெரும்பாலும் விளையாட்டுக்கும் பயிற்சிக்குமே உரியதாகிவிட்டது. சென்னைத் துறைமுகத்தினுள் 1911 முதல் இயங்கிவரும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் போன்ற இடங்களில் அதனைக் காணலாம்.

இளைஞர் பயிற்சிக்கோ, விருந்தினரை ஏற்றி வருமானம் தேடுவதற்கோ, ஒரு சங்கம் பழைய சிறு பாய்ப்படகு ஒன்றை வாங்க எண்ணுமாயின், அங்கத்தினர் முதலில் பார்ப்பது எது? படகின் வர்ணம், அடுத்தது பாய், அதற்கடுத்தது விலை. பாய்மரத்தை நிமிர்த்தி வைத்திருக்கும் கம்பிகளை எவரும் பார்ப்பதில்லை. ஆயினும் படகில் உள்ளோர் தலைமேல் பாய்மரம் விழுவதும் விழாதிருப்பதும் அக்கம்பிகளைப் பொறுத்ததே. அவற்றின் அமைப்பையும் சோதிக்கும் முறையையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிலைக்கயிறும் ஓடுகயிறும்

பாய்ப்படகிலுள்ள கயிறுகள் இரு வகைப்படும். பாயை ஏற்றும் ஆஞ்சான், பாயின் கீழ்மூலையை இழுத்துப் பிடிக்கும் தாமான் முதலியவை ஓட்டத்தின்போது இழுக்கவும் தளர்த்தவும் படுபவை. இவற்றை ஓடுகயிறு எனலாம். பாய்மரத்தைப் படகோடு பிணைத்து, ஒருமுறை இறுக்கியபின் அப்படியே விடப்படுபவை நிலைக்கயிறுகள். முற்காலத்தில் இவை நார்க்கயிறாக இருந்தன. இப்பொழுது பெரும்பாலும் எஃகுக் கம்பிவடமாக உள்ளன.

எல்லாப் படகுக்கும் நிலைக்கயிறு உண்டு என்று எண்ணலாகாது. 1947-இல் அமெரிக்காவில் தோன்றிய ஆப்டிமிஸ்ட் என்னும் சிறுவர் படகில் குட்டையான மரம் ஒரு குழியில் செருகப்பட்டுத் தானே நிற்கிறது. லேசர் என்னும் படகும் அவ்வாறே. எண்டர்பிரைஸ், ஜி.பி.14 முதலிய படகுகளிலோ, மெல்லிய உயர்ந்த மரம் கம்பிகளின் உதவியாலேயே நிற்கும். கம்பி அறுந்தால் மரம் நில்லாது.

மின்கம்பம் கற்பிக்கும் பாடம்

இதன் தத்துவத்தை அறியக் கடலுக்குச் செல்ல வேண்டியதில்லை. நம் ஊர்ச் சாலையில் மின்கம்பி திரும்பும் மூலையிலும், அது முடியும் கோடியிலும் நிற்கும் கம்பத்தைப் பாருங்கள். மின்கம்பிகள் கம்பத்தை ஒரு பக்கமாக இழுக்கின்றன. அதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு ஸ்டே கம்பி தரையில் புதைத்த கட்டையிலிருந்து கம்பத்தின் மேற்பகுதிக்குச் சென்று, அவ்விழுப்பை ஈடு செய்கிறது. நேர்வழியில் நிற்கும் கம்பத்துக்கு இரு பக்க இழுப்பும் சமமாதலால் பெரும்பாலும் ஸ்டே தேவைப்படுவதில்லை. காற்று எப்பக்கத்திலிருந்தும் வரக்கூடுமாதலால், பாய்மரத்துக்குப் பல பக்கங்களிலும் ஸ்டே வேண்டும்.

மின்வாரியத்தார் ஸ்டே கம்பியைக் கம்பத்துக்கு நெருங்கப் புதைக்காமல் தள்ளிப் புதைப்பதன் காரணத்தையும் அறிதல் வேண்டும். பாய்மரத்தின் மேலே 50 கிலோகிராம் அளவுக்குக் காற்று பக்கவாட்டில் தள்ளுகிறது என்று கொள்வோம். கம்பி மரத்தைப் பிடிக்கும் இடம் 5 மீட்டர் உயரத்திலும், கம்பியின் அடி மரத்திலிருந்து முக்கால் மீட்டர் தூரத்திலும் இருப்பதாகக் கொள்வோம். கம்பியின் நீளத்தை அந்தத் தூரத்தால் வகுத்தால் ஏறக்குறைய 6¾ வரும். 50-ஐ அதனால் பெருக்க, கம்பியின் மேல் விழும் இழுப்பு சுமார் 340 கிலோகிராம் ஆகிறது. அதாவது, மூன்று நெல் மூட்டைக்கும் குறையாத எடை சுண்டுவிரலினும் மெல்லிய கம்பியில் தொங்குவது போலாகும். கம்பியின் அடியை ஒரு மீட்டர் தள்ளி வைக்கக்கூடுமானால் அவ்விழுப்பு 255 கிலோகிராமாகக் குறையும். சிறு படகு அகலம் குறைந்ததாகையால் அவ்வாறு தள்ளி வைக்க இடமில்லை. ஆகவேதான் சிறு படகேயாயினும் அதன் கம்பியின் மேல் விழும் பாரம் சிறிதன்று.

இதில் இன்னொன்றும் அடங்கியுள்ளது. கம்பி கீழே இழுக்கும் அதே வேகத்தில் பாய்மரம் படகின் அடியை நோக்கி அழுத்தப்படுகிறது. மேற்சொன்ன கணக்கில் ஒரு கம்பியால் மட்டுமே மரத்தின் பாதத்தில் 330 கிலோகிராமுக்கு மேற்பட்ட பாரம் விழும். எனவே கம்பியைப் போலவே மரம் நிற்கும் பாதமும் சோதனைக்குரியது.

உறுப்புகளும் அவற்றின் வேலையும்

படகின் முன்புறமாகிய அணியத்திலிருந்து மரத்தின் மேற்பகுதிக்குச் செல்வது முன்கம்பி. மரம் பின்னோக்கிச் சாயாமல் இது தடுக்கிறது. இரு பக்கங்களிலிருந்தும் மேலே செல்பவை பக்கக் கம்பிகள். காற்று வீசும் பக்கத்துக் கம்பி பாரத்தைத் தாங்க, எதிர்ப்பக்கத்துக் கம்பி சற்று ஓய்ந்திருக்கும். படகு திரும்பிக் காற்று மறுபக்கம் வந்ததும் வேலை மாறிக்கொள்ளும். பெரிய படகுகளில் பின்புறமாகிய அமரத்திலிருந்து செல்லும் பின்கம்பியும் உண்டு. எண்டர்பிரைஸ் போன்ற சிறு படகுகளில் அது இல்லை. பக்கக் கம்பிகளின் அடி மரத்துக்குச் சற்றுப் பின்னே அமைந்திருப்பதால், மரம் முன்னே சாயாமல் அவையே பார்த்துக்கொள்கின்றன. அத்தகைய படகில் ஒரு பக்கக் கம்பி அறுந்தால் இரண்டு காவல்கள் ஒருங்கே போயின என்று அறிக.

இத்தகைய சிறு படகுகளில் முன்பாயின் ஓரத்தில் ஒரு கம்பி தைக்கப்பட்டிருக்கும். அப்பாயை ஏற்றி இறுக்கியதும் முன்கம்பி தளர்ந்துவிடும். பாயின் ஓரக் கம்பியும் அதன் ஆஞ்சானுமே மரத்தை முன்னே பிடித்து நிற்கும். ஆகையால் அந்த ஆஞ்சானை ஓடுகயிறு என்று அசட்டை செய்யாமல் நிலைக்கயிற்றோடு சேர்த்தே சோதித்தல் வேண்டும்.

மரத்தின் நடுவில் இரு பக்கமும் கை நீட்டியதுபோல் உள்ள விரிகட்டைகள், பக்கக் கம்பியை வெளியே தள்ளி அதன் கோணத்தை அகலப்படுத்துகின்றன. மரம் நடுவில் வளையாமலும் காக்கின்றன. கம்பியின் அடியைப் படகின் உடலோடு பிணைப்பது பிடிதகடு. கம்பிக்கும் தகட்டுக்கும் இடையில் இருந்து இறுக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவுவது டர்ன்பக்கிள் என்னும் இருபுறத் திருகு. இவற்றைக் கோத்து நிறுத்துபவை சிறு ஆணிகளும், அவ்வாணிகள் நழுவாமல் காக்கும் காட்டர் பின்களும் ஆகும்.

மேலிருந்து கீழ்வரை இவை யாவும் ஒரே தொடர். கம்பி ஆயிரம் கிலோகிராம் தாங்கும், ஆணி நூறு தாங்கும் என்றால், அத்தொடரின் பலம் நூறே. சங்கத்தின் வலிமை அதன் நலிந்த கணக்கைப் பொறுத்தது என்று நாம் கூறுவது வழக்கம். அது இங்கும் பொருந்தும்.

கட்டுமரத்தாரின் பழக்கம்

நம் கடற்கரையின் பழைய மரக்கலங்கள் இரண்டும் ஆணியின்றிக் கயிற்றாலேயே ஆனவை. கட்டுமரம் என்னும் பெயரே அதைக் கூறும்; ஆங்கிலேயர் ‘கட்டமரான்’ என்பதும் இச்சொல்லே. அலையைக் கடந்து கப்பலுக்குச் சரக்கு ஏற்றிச்சென்ற மசூலாப் படகு, பலகைகளைத் தென்னை நார்க்கயிற்றால் தைத்துச் செய்யப்பட்டது. சென்னை மீன்துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகு வகைகளைப் பற்றி 1920-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் இத்தகைய கலங்களை விரிவாக எழுதியுள்ளார். அத்துறையைத் தோற்றுவித்து நடத்திய ஸர் பிரெடரிக் நிக்கல்ஸனே, 1895-லும் 1897-லும் விவசாய பாங்குகளைப் பற்றிய அறிக்கையை எழுதி, 1904-ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சங்கச் சட்டத்துக்கு வழி கோலியவர் என்பதும் நம் அங்கத்தினர் அறியத்தக்கது.

கட்டுமரத்தார் கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை உலர வைப்பர். மறுமுறை செல்லும்போது புதிதாகக் கட்டுவர். ஆகவே ஒவ்வொரு கயிறும் ஒவ்வொரு நாளும் அவர்கள் கையில் அகப்பட்டது. நைந்த புரி அன்றே தெரிந்தது, அன்றே மாற்றப்பட்டது. இதனைச் சோதனை என்று அவர்கள் எண்ணியதில்லை. அது தொழிலின் பகுதியாகவே இருந்தது. எஃகுக் கம்பியோ ஒருமுறை கட்டப்பட்டால் பல ஆண்டுகள் அவிழ்க்கப்படாமல் நிற்கும். பளபளப்பு மங்காதவரை அதைத் தொடுவார் இல்லை. நார்க்கயிற்றை விட எஃகு பலமானது என்பது மெய்யே. அடிக்கடி பார்க்கப்படும் நார்க்கயிற்றை விட, பாராமல் விடப்பட்ட எஃகு அபாயமானது என்பதும் மெய்யே.

எஃகுக் கம்பியின் இயல்பு

நிலைக்கயிற்றுக்கு வழக்கமாகப் பயன்படுவது 19 தனிக் கம்பிகளை முறுக்கிய வடம்: நடுவில் ஒன்று, அதைச் சுற்றி ஆறு, அதற்கு வெளியே பன்னிரண்டு. இது அதிகம் நீளாது. எளிதில் வளையவும் செய்யாது. மெல்லிய இழைகள் பலவற்றால் ஆன, வளையும் வடம் ஆஞ்சானுக்கு ஏற்றதேயன்றி நிலைக்கயிற்றுக்கு அவ்வளவு ஏற்றதன்று. 19 இழை கொண்ட 4 மில்லிமீட்டர் துருப்பிடியா எஃகு வடம் புதிதாக இருக்கையில் சுமார் 1,400 கிலோகிராம் வரை தாங்கும். 3 மில்லிமீட்டர் வடம் சுமார் 800 கிலோகிராமே தாங்கும். கனத்தில் கால்பங்கு குறைந்தால் பலத்தில் ஏறக்குறையப் பாதி குறைகிறது. ஆகையால் செலவைக் கருதி மெல்லிய கம்பி போடுதல் கூடாது.

துருப்பிடியா எஃகு என்ற பெயரைக் கண்டு ஏமாறவும் கூடாது. இவ்வெஃகு காற்றிலுள்ள பிராணவாயுவால் தன்மேல் ஒரு மெல்லிய படலத்தை உண்டாக்கிக்கொண்டு தன்னைக் காத்துக்கொள்கிறது. காற்றுப் புகாத இடுக்கில் உப்புநீர் தங்கினால் அப்படலம் அழிந்து, உலோகம் உள்ளிருந்தே அரிக்கப்படும். கம்பி முனைக்குழாய்க்குள் நுழையும் இடம், பிடிதகடு தளத்தினுள் மறையும் இடம், ஆணியின் நடுப்பகுதி ஆகியவை அத்தகைய இடுக்குகள். கம்பியின் நடு உடல் நன்றாயிருக்க, முனைகளில் அது இற்றுப்போவது இதனாலேயே. கடைகளில் 304, 316 என்று இரு தரங்கள் உண்டு. உப்புக் காற்றுக்கு 316 தரமே ஏற்றது. துத்தநாகம் பூசிய சாதாரண எஃகோ செந்துரு காட்டி முன்னரே எச்சரிக்கும். துருப்பிடியா எஃகு எச்சரிக்கை குறைவாகவே அறுந்து விழும்.

இதற்கு மேல், ஒவ்வோர் அலையிலும் கம்பி இறுகியும் தளர்ந்தும் களைப்படைகிறது. தகரத் துண்டை முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் ஒடிவது போன்றதே இது. ஆதலால் பார்வைக்குக் குற்றமில்லாவிடினும், பத்தாண்டுக்கு மேற்பட்ட கம்பியை மாற்றிவிடுதல் தொழிலறிந்தோர் பலரின் வழக்கம்.

சோதிக்கும் முறை

பாய்மரத்தை இறக்கித் தரையில் கிடத்திப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பதே முறையான சோதனை. உப்பு மறைக்குமாதலால் முதலில் நல்ல நீரால் கழுவிவிட வேண்டும். பிறகு வருமாறு கவனிக்கவும்.

1. கைக்கு உறை அணிந்து, பஞ்சையோ பழைய துணியையோ கம்பியின் மேல் முனைமுதல் முனைவரை இழுத்துச் செல்க. அறுந்த இழை அதைப் பற்றிக்கொள்ளும். 19-இல் ஓர் இழை அறுந்திருப்பினும் அக்கம்பி முழுவதும் தள்ளத்தக்கது. 

2. முனைக்குழாய்களைப் பூதக்கண்ணாடி கொண்டு பார்க்க. நெடுக்கில் மயிரிழை போன்ற வெடிப்போ, குழாயின் வாயில் பழுப்புக் கறையோ காணப்பட்டால் அது முடிந்த முனை. நீர் இறங்கித் தங்குவதால் கீழ்முனை முதலில் கெடும்.

3. டர்ன்பக்கிளைக் கழற்றித் திருகுகளைத் துடைத்துப் பார்க்க. வளைந்த திருகை நிமிர்த்திப் பயன்படுத்தலாகாது. பூட்டும்போது இரு திருகுகளும் உடலுக்குள் போதிய அளவு நுழைந்திருக்க வேண்டும். காட்டர் பின் ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடப்படல் வேண்டும். அதன் கூர்முனையைத் துணிநாடாவால் சுற்றினால் பாயைக் கிழிக்காது.

4. ஆணிகளை வெளியே எடுத்துப் பார்க்க. நடுவில் தேய்ந்து இடுப்பு விழுந்திருப்பின் மாற்றுக. ஆணி தகட்டின் துளைக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். பெரிய துளையில் சிறிய ஆணி ஆடி ஆடித் துளையை நீளமாக்கும்.

5. பிடிதகட்டை ஒன்றேனும் கழற்றிப் பார்க்காமல் பழைய படகை வாங்கலாகாது. தளத்தினுள் மறைந்த பகுதியில்தான் அரிப்பு இருக்கும். அது பிணைந்துள்ள மரப்பலகையை உளியால் குத்திப் பார்க்க. உளி எளிதில் இறங்கினால் பலகை உளுத்தது.

6. விரிகட்டை, கம்பியின் மேற்பாகத்துக்கும் கீழ்ப்பாகத்துக்கும் இடையேயுள்ள கோணத்தைச் சமமாகப் பிரிக்கும்படி முனை சற்று உயர்ந்து நிற்க வேண்டும். தொங்கிய விரிகட்டை பாரம் ஏறியதும் நழுவும், மரம் மடங்கும்.

7. அலுமினிய மரத்தில் எஃகுத் தகடு பதிந்த இடங்களில் வெண்பொடி கண்டால், எஃகோடு சேர்ந்த அலுமினியம் உப்புநீரில் அரிக்கப்படுகிறது என்று அறிந்து, கழற்றிப் பார்க்க. மரத்தின் பாதமும் அதன் கீழுள்ள கட்டையும் இவ்வாறே சோதிக்கப்படல் வேண்டும்.

மாற்றுதலும் இறுக்குதலும்

ஒரு பக்கக் கம்பி கெட்டிருந்தால் அதன் துணைக் கம்பியும் அதே வயதினது, அதே உழைப்பு உழைத்தது. எனவே இணையாகவே மாற்றுக. மரம் நிற்கும்போது ஒரு கம்பியைக் கழற்ற நேர்ந்தால், முன்னதாக ஆஞ்சானை அப்பக்கத்துக்குக் கொணர்ந்து உறுதியாகக் கட்டிவிட வேண்டும். பந்தல் கட்டும் யூ-கிளிப்புகளை அவசரத்துக்கு அன்றி நிலையான முனையாகக் கொள்ளலாகாது.

இறுக்குமுன், ஆஞ்சானின் முனையில் அளவுநாடாவைக் கட்டி மேலேற்றி, இரு பக்க விளிம்புகளுக்கும் அளந்து பார்க்க. இரண்டும் ஒத்திருந்தால் மரம் பக்கவாட்டில் நேராக உள்ளது. டர்ன்பக்கிள்களை இடமொரு சுற்று, வலமொரு சுற்றாக மாறிமாறி இறுக்குக. மிதமான காற்றில் படகு சாய்ந்தோடும்போது, ஓய்ந்த பக்கத்துக் கம்பி சிறிது தளர்வது இயல்பு. ஊசலாடுமாயின் இறுக்கம் போதாது. அளவு கடந்து இறுக்கினாலோ மரத்தின் பாதமும் படகின் உடலும் வருந்தும்.

மின்கம்பியைப் பற்றிய எச்சரிக்கை

படகை வண்டியிலேற்றிச் சாலையில் இழுத்துச் செல்லும்போதும், கரையில் மரத்தை நிமிர்த்தும்போதும் மேலே பாருங்கள். அலுமினிய மரமும் எஃகுக் கம்பியும் மின்சாரத்தை நன்கு கடத்துபவை. மின்கம்பி செல்லும் இடத்தில் மரத்தை நிமிர்த்துதலும், நிமிர்ந்த மரத்தோடு படகைத் தள்ளுதலும் உயிருக்கே ஆபத்து. மரத்தை நிறுத்தும் இடமும் கடலுக்கு இறங்கும் வழியும் மின்கம்பிக்கு விலகியிருத்தல் வேண்டும்.

பதிவேடும் விலையும்

சங்கத்தின் பணம் எதில் முடங்கினாலும் அதற்கு ஒரு பதிவேடு உண்டு; படகுக்கும் வேண்டும். கம்பி வாங்கிய நாள், அதன் தரம், கனம், சோதித்த நாள், கண்ட குறை, மாற்றிய உறுப்பு ஆகியவற்றை அதில் எழுதி, சோதித்தவரும் சங்கச் செயலாளரும் கையொப்பமிட வேண்டும். வடகிழக்குப் பருவக்காற்று தொடங்குமுன் செப்டம்பரில் ஒரு சோதனையும், ஜனவரியில் மீண்டும் மரத்தை நிறுத்தும்போது ஒரு சோதனையும் போதும். புயல் அறிவிப்பு வந்தால் மரத்தை இறக்கிவிடுவதே நலம். 2016 டிசம்பர் 12-இல் சென்னையருகே கரை கடந்த வர்தா புயலில் மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்ததை நாம் மறக்கவில்லை.

விற்பவரிடம் கேட்க வேண்டிய முதற் கேள்வி, “கம்பிகள் எந்த ஆண்டில் போட்டவை?” என்பது. அதற்கு ரசீதுடன் விடை கிடைக்காவிடில், அவை மாற்றத்தக்கவை என்றே கொண்டு, மாற்றும் செலவை விலையிலிருந்து கழித்துப் பேசுக. நிர்வாக சபையின் தீர்மானத்தில் படகின் விலையோடு கம்பி மாற்றும் தொகையும் சேர்ந்தே எழுதப்படல் வேண்டும். பிறகு பார்க்கலாம் என்று விட்ட தொகை பிறகு கிடைப்பதில்லை.

ஒரு காட்டர் பின் சில ரூபாய்க்குக் கிடைக்கும். அது நழுவினால் ஆணி நழுவும். ஆணி நழுவினால் கம்பி விடுபடும். கம்பி விடுபட்டால் மரம் சாயும். அப்படகில் இருப்பவர்கள் நம் அங்கத்தினரின் பிள்ளைகள். கட்டுமரத்தார் நாள்தோறும் கயிற்றைக் கையால் தொட்டறிந்த பழக்கத்தை, எஃகுக் கம்பி வந்த பின்னரும் நாம் கைவிடாதிருப்போமாக.